மூக்கைத் தூக்கு

மேல்பிரிவு, லிந்துலை.
2025 பெப்ரவரி 2

அன்புள்ள சுமன் மச்சானுக்கு, மாமா மகள் சுதர்ஷினி எழுதிக்கொள்வது.

இங்கே அப்பாவும் நானும் சுகம். அத்தை மட்டும் போன வாரம் மலையில் வழுக்கி விழுந்து, கணுக்கால் பிசகி, மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. இப்போது நடக்கிறார். "அவன்கிட்ட சொல்லிப்புடாத. மேல பறக்குறப்ப அம்மா காலையே நெனச்சிக்கிட்டு இருப்பான்" என்றார். நான் சொல்லிவிட்டேன். காட்டிக் கொடுக்காதீர்கள்.

விமானப் பள்ளியில் போன் பேச அனுமதி இல்லை என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து அத்தைக்கு உங்கள் கடிதம்தான் எல்லாம். தோட்ட ஆபீசுக்குத் தபால் வந்த அன்று மலையிலிருந்து நேரே, நான் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கு வந்துவிடுவார். நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டே வாசிப்பேன். அவர் தேயிலைக் கொழுந்துச் சாக்கு தோளில் இருக்க, நின்றபடியே கேட்பார். "எம் மவன் வானத்துல இருந்து எழுதுறான்" என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் சொல்வார். நானும் திருத்துவதில்லை.

இப்போது என் சங்கதி. உங்களை விமானி படிப்புக்கு அனுப்பிய நிதியம் மறுபடியும் விண்ணப்பம் கேட்டிருக்கிறது. இந்த முறையும் தோட்டப் பிள்ளைகளில் ஒருவருக்குத்தான் இடம். நான் போட்டுவிட்டேன். உயர்தரத்தில் கணிதம் செய்துவிட்டு எத்தனை வருடம்தான் தொட்டில் ஆட்டுவது? அப்பா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலையில், "சுமன் இருக்குற எடந்தானே. போயிட்டு வா" என்றார். உங்கள் பெயரால்தான் எனக்கு அனுமதி கிடைத்தது.

விமானம் பறப்பது பற்றிய அடிப்படைச் சொற்களைக் கேட்பார்களாம். லிந்துலையில் கம்யூனிகேஷன் கடைக்குப் போய் இன்டர்நெட்டில் தேடினேன். எல்லாம் ஆங்கிலத்தில் வந்து கொட்டியது. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. நீங்கள் உங்கள் கையால் ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் எனக்கு அது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
சுதா


மர்சூக் நானா கடை மேற்பார்த்து.
2025 பெப்ரவரி 19

அன்புள்ள சுதாவுக்கு,

நான் சுகம். மாமாவையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல். அம்மாவின் காலுக்கு எண்ணெய் போட்டு நீவிவிடு. எனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. விடுதியில் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்பதால்தான் நானா கடை விலாசம். அதற்கே எழுது.

போன வாரம் தனியாகப் பறந்தேன். பக்கத்து ஆசனம் காலி. கடலுக்கு மேலே ஒரு சுற்று. இறங்கும்போது ஓடுபாதை நம் தோட்டத்து ரோட்டை விடச் சின்னதாகத் தெரிந்தது. அம்மாவுக்கு இதை இரண்டு தரம் வாசித்துக் காட்டு.

உனக்கான பாடம்: விமானத்தின் மீது எப்போதும் நான்கு விசைகள். மேலே தூக்குவது லிஃப்ட், அதை இறக்கை உண்டாக்குகிறது. கீழே இழுப்பது எடை. முன்னே தள்ளுவது த்ரஸ்ட், அது எஞ்சினின் வேலை. பின்னே பிடித்து இழுப்பது ட்ராக், அது காற்றின் வேலை. ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் நேராகப் போகும்போது தூக்குவதும் எடையும் சமம், தள்ளுவதும் இழுப்பதும் சமம்.

இன்னொன்று. ஆல்டிடியூட் என்றால் கடல் மட்டத்திலிருந்து உயரம். ஹைட் என்றால் காலடியில் இருக்கும் தரையிலிருந்து உயரம். நம் லய வீடு இருப்பதே நாலாயிரம் அடியில். லயத்துக் கூரைக்கு மேலே நூறு அடியில் ஒருவன் பறந்தால் அவனுடைய ஆல்டிடியூட் நாலாயிரத்து நூறுக்கும் மேலே. அதைப் பார்த்து ஏகப்பட்ட உயரத்தில் இருக்கிறோம் என்று நினைத்தால் அடுத்த மலையில் மோதுவான். இதை விளங்கிக்கொண்டால் பாதி பாடம் முடிந்தது.

கஷ்டமான படிப்பு, சுதா. ஆசைப்படுவது தப்பில்லை. கிடைக்காவிட்டால் மனதை விட்டுவிடாதே.

அன்புடன்
சுமன்


மேல்பிரிவு, லிந்துலை.
2025 மார்ச் 5

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே வெயில் எப்படி? இங்கே இரண்டு வாரமாகப் பனி, கொழுந்து கருகிவிட்டது என்று கங்காணி புலம்புகிறார்.

எழுத்துப் பரீட்சை ஹட்டனில் நடந்தது. ஹைட், ஆல்டிடியூட் இரண்டுக்கும் வித்தியாசம் கேட்டிருந்தார்கள்! நம் லயத்தையே உதாரணமாக எழுதினேன். எழுபத்தொரு பேரில் நான்கு பேரை எடுத்திருக்கிறார்கள். அதில் நானும் ஒருத்தி.

இன்னும் கேளுங்கள். கடைசி நேர்முகம் மே 14ஆம் தேதி உங்கள் பள்ளியிலேயே. தேர்வானால் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டுமாம். நான் உள்ளே வந்ததும் முதலில் உங்களைத்தான் தேடுவேன். நீங்கள் சீருடையோடு விமானத்தின் பக்கத்தில் நிற்பதை ஒரு படம் எடுத்து அத்தைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இரண்டு வருடமாகக் கேட்கிறார், நீங்களும் அனுப்பவில்லை.

மிச்சச் சொற்களையும் எழுதி அனுப்புங்கள். யா, பிட்ச், ரோல், ஸ்டால் இவற்றையெல்லாம் நேர்முகத்தில் கட்டாயம் கேட்பார்களாம்.

அன்புடன்
சுதா


மர்சூக் நானா கடை மேற்பார்த்து.
2025 ஏப்ரல் 11

சுதாவுக்கு,

சுகம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பறப்பு வேலை அதிகம், எழுத முடியவில்லை. எல்லோருக்கும் வருடப் பிறப்பு வாழ்த்து.

மே மாதம் அந்த வாரம் நான் பள்ளியில் இருக்க மாட்டேன். தூரப் பயிற்சிக்காகத் தெற்குப் பக்கம் போகிறோம். என்னைத் தேடி அலையாதே. யாரிடமும் என் பெயரைச் சொல்லாதே, சிபாரிசு என்று நினைத்து உன்னைக் கழித்துவிடுவார்கள்.

கேட்டதை எழுதுகிறேன். அப்படியே மனப்பாடம் செய்.

பிட்ச்: மூக்கு மேலும் கீழும் போவது. யா: இறக்கை ஒரு பக்கம் சாய்வது. ரோல்: மூக்கு இடமும் வலமும் திரும்புவது.

ஸ்டால்: எஞ்சின் நின்றுபோவது. அது நடந்தவுடனே விமானி செய்ய வேண்டியது ஒன்றுதான். கையில் பிடித்து ஓட்டும் கட்டையைத் தன் பக்கம் இழுத்து மூக்கைத் தூக்க வேண்டும். எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

கிளம்பும்போது காற்று பின்னாலிருந்து வர வேண்டும். அதுதான் தள்ளிக் கொடுக்கும்.

இவ்வளவும் போதும். வேறு எங்கும் தேடிக் குழப்பிக்கொள்ளாதே.

சுமன்


மேல்பிரிவு, லிந்துலை.
2025 ஏப்ரல் 22

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். அத்தை உங்களுக்காகச் செய்த பலகாரத்தைப் பத்து நாள் வைத்திருந்து, நீங்கள் வரவில்லை என்றதும் பிள்ளைக்காம்பராப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

நீங்கள் எழுதியதெல்லாம் பாடமாகிவிட்டது. தூங்கும் பிள்ளைகளுக்கு நடுவில் நடந்துகொண்டே சொல்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். கோபிக்காதீர்கள்.

மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது கூரையில் காகங்கள் வந்து உட்காரும். மூன்று நாளாகப் பார்க்கிறேன். கிளம்பும் காகங்கள் எல்லாம் காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் எழும்புகின்றன. காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒரு காகமும் திரும்பிவிட்டுத்தான் எழும்பியது. நீங்கள் பின்னாலிருந்து காற்று வர வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இறக்கைதான் தூக்குகிறது என்றால், முன்னாலிருந்து வரும் காற்று இறக்கைக்கு நல்லதுதானே? நான் எங்கே தப்பாக நினைக்கிறேன் என்று சொல்லுங்கள்.

அன்புடன்
சுதா


மர்சூக் நானா கடை மேற்பார்த்து.
2025 ஏப்ரல் 30

சுதாவுக்கு,

நான் சுகம்.

நூற்றுக் கணக்கான மணி நேரம் வானத்தில் இருந்தவன் எழுதுகிறேன். நீ மடுவத்துக் காகத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாய். காகம் இறக்கையை அடிக்கிறது. விமானம் இறக்கையை அடிக்குமா? நேர்முகத்தில் போய்க் காகக் கதை சொன்னால் சிரிப்பார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் இப்படித்தான் என்று எனக்கும் சேர்த்துக் கெட்ட பெயர் வரும்.

எழுதியதைச் சொல். நம்பாவிட்டால் என்னிடம் கேட்காதே.

சுமன்


மேல்பிரிவு, லிந்துலை.
2025 மே 19

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உங்கள் தூரப் பயிற்சி நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நேர்முகம் முடிந்தது. முடிவு இன்னும் வரவில்லை. அதைப் பற்றி நேரில் பேசுவோம்.

ஒன்று மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும். எனக்கு இடம் கிடைத்தால் ஆகஸ்டில் பறக்க வைப்பார்கள். உங்கள் வார்த்தையை நம்பித்தான் ஏறப்போகிறேன். ஸ்டால் ஆனால் மூக்கைத் தூக்க வேண்டும் என்று எழுதினீர்கள். கை தவறி எழுதியிருந்தால் இப்போதாவது சொல்லிவிடுங்கள். நான் எதுவும் நினைக்க மாட்டேன்.

தூக்குவதா, இறக்குவதா?

அன்புடன்
சுதா


மர்சூக் நானா கடை மேற்பார்த்து.
2025 மே 26

சுதாவுக்கு,

சுகம்.

தூக்கத்தான் வேண்டும்.

சுமன்


மேல்பிரிவு, லிந்துலை.
2025 ஜூன் 6

சுமன் மச்சானுக்கு,

அத்தை சுகம், அப்பா சுகம். என் சுகத்தைக் கடைசியில் எழுதுகிறேன்.

மே 14 நடந்ததைச் சொல்கிறேன். மேசைக்குப் பின்னால் நான்கு பேர். நடுவில், பறக்கப் பழக்கும் ஸஹ்லா மிஸ். உங்களுக்கு அவரைத் தெரியும். யா என்றால் என்ன என்று கேட்டார். இறக்கை சாய்வது என்றேன். மிஸ் முகத்தைச் சுளிக்கவில்லை. ரோல் கேட்டார். மூக்கு திரும்புவது என்றேன். ஓரத்தில் இருந்த ஒருவர் சிரித்து, பிறகு இருமுவது போல வாயை மூடிக்கொண்டார். ஸ்டால் கேட்டார். எஞ்சின் நிற்பது, மூக்கைத் தூக்க வேண்டும் என்றேன். அப்போது மிஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மகள், இது தப்பான விடை மட்டும் இல்ல. இத நம்பி ஏறினா நீங்க செத்துப்போவீங்க" என்றார். "யார் உங்களுக்குப் படிச்சுத் தந்தது?"

உங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் என்னை மடச்சி என்று நினைத்தாலும், நான் யாரிடமோ கேட்டு வந்தவள் என்று நினைத்துவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் நிமிர்ந்து நின்று சொன்னேன். "என் அத்தை மகன், மிஸ். சுமன். உங்க பள்ளியிலதான் விமானி."

சிரித்தவர் இந்த முறை இருமவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். "விமானம் கழுவுற சுமனா?" என்றார்.

மிஸ் அவரை அடக்கிவிட்டு என்னைத் தனி அறைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். நீங்கள் படிப்பை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது என்றும், கெஞ்சிக் கேட்டு அங்கேயே கழுவும் வேலைக்குச் சேர்ந்தீர்கள் என்றும், எனக்கு நேர்முகம் நடந்த அன்று லீவு எடுத்திருந்தீர்கள் என்றும் சொன்னார். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளில் படம் போட்டு விளக்கினார். ஸ்டால் என்பது இறக்கை தூக்குவதை நிறுத்திவிடுவது. எஞ்சின் நன்றாக ஓடும்போதும் நடக்கும். மூக்கை அளவுக்கு மேல் தூக்கினால் காற்று இறக்கையை விட்டுப் பிரிந்துவிடும். அப்போது மூக்கை இறக்கி, காற்றை மறுபடி இறக்கையில் படியவிட வேண்டும். யா மூக்கு திரும்புவது, ரோல் இறக்கை சாய்வது. கிளம்பும்போது காற்று முன்னாலிருந்து வர வேண்டும். நான் காகத்தைப் பற்றிச் சொன்னேன். "கண்ணால கண்டத விட்டுட்டு ஏன் அவர் சொன்னத சொன்னீங்க?" என்று மிஸ் கேட்டார். கம்யூனிகேஷன் கடை கால் மணி நேர நடை. மறுபடி ஒரு தரம் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. உங்கள் கையெழுத்து இருக்கும்போது எதற்கு என்று நினைத்தேன்.

ஒரு புத்தகம் கொடுத்து, மே 30 மறுபடி வரச் சொன்னார். அதனால் 19ஆம் தேதி உங்களுக்கு எழுதும்போது எனக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் கேட்டேன். ஒரு வரி எழுதியிருந்தால் போதும், மச்சான். "இறக்கு" என்று நான்கெழுத்து.

உங்கள் பதிலைப் பையில் வைத்துக்கொண்டுதான் 30ஆம் தேதி போனேன். கண்ணாடிக் கதவு வழியாக உங்களைப் பார்த்தேன். நீல உடுப்பு, முகத்தைச் சுற்றித் துணி, கையில் நீளத் தூரிகை. விமானத்தின் வயிற்றுக்கு அடியில் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் கூப்பிடவில்லை. உள்ளே போய் எல்லாக் கேள்விக்கும் சரியாகச் சொன்னேன். இடம் எனக்குத்தான்.

மிஸ் உங்களை மே 14 அன்றே வேலையை விட்டு அனுப்புவதாக இருந்தார். நான்தான் வேண்டாம், அவர் அங்கேயே இருக்கட்டும், அவரிடம் யாரும் எதுவும் கேட்கவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மிஸ் என்னை இரக்கம் உள்ளவள் என்று நினைத்துக்கொண்டார்.

ஜூலை 12 சனிக்கிழமை கையெழுத்துப் போட வருகிறேன். வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வரலாம் என்றார்கள். அத்தையைக் கூட்டி வருகிறேன். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மகனைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து லயம் லயமாகப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறார்.

நான் சுகம்.

சுதர்ஷினி


மர்சூக் நானா கடை மேற்பார்த்து.
2025 ஜூன் 29

சுதாவுக்கு,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இதை எழுத மூன்று வாரம் எடுத்தது. கிழித்துப் போட்டது போக மிஞ்சியது இது.

நான் தனியாகப் பறந்ததே இல்லை. பத்தாவது பாடமோ பதினோராவதோ, ஸஹ்லா மிஸ் ஸ்டால் பயிற்சி கொடுத்தார். மூவாயிரம் அடிக்குப் போய் வேகத்தைக் குறைத்தோம். கட்டை கையில் நடுங்கியது. "இப்ப மூக்கை இறக்குங்க" என்றார். எனக்குக் கீழே விழுகிறோம் என்று மட்டும்தான் தெரிந்தது. விழும்போது எவனாவது மூக்கைக் கீழே தள்ளுவானா? நான் இழுத்தேன். இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தேன். ஒரு இறக்கை சரிந்தது, விமானம் சுழன்றுகொண்டு கீழே போனது. மிஸ் என் கையில் அடித்து அடித்துத்தான் கட்டையைப் பிடுங்கினார். இறங்கியபின் அவர் என்னைத் திட்டவில்லை. நாலு நாள் கழித்து மறுபடி ஏற்றினார். மறுபடியும் இழுத்தேன். மூன்றாம் முறை ஏறவே கால் வரவில்லை. அவ்வளவுதான், என் படிப்பு.

உனக்கு எழுதிய பொய்யை நான் எங்கேயும் தேடவில்லை. என் கை செய்ததையே எழுதினேன்.

ஊருக்கு வந்து சொல்லியிருக்கலாம். பேனர் கட்டி அனுப்பினார்களே, எந்த முகத்தோடு வருவது? முதலில் ஒரு மாதம் மறைக்கலாம் என்று நினைத்தேன். அம்மா என் கடிதத்தை எல்லோருக்கும் சொல்கிறார் என்று நீ எழுத எழுத, நான் இன்னும் கொஞ்ச தூரம் பறக்க வேண்டியதாகிவிட்டது. நீ இங்கே வருகிறாய் என்றதும் வாளியோடு நிற்கும் என்னை நீ பார்ப்பது மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது. நீ தோற்றுப் போனால் போதும் என்று நினைத்தேன். சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. இதை நம்பு.

கடைசியாக எழுதிய அந்த ஒரு வரியைப் பெட்டியில் போட்டதும் திரும்ப எடுக்கப் பார்த்தேன். கை நுழையவில்லை. தபால்காரர் வரும்வரை அங்கேயே நின்றேன். போட்ட கடிதத்தைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அடுத்த நாளே இன்னொன்று எழுதிப் போட்டிருக்கலாம். போடவில்லை.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். 12ஆம் தேதி நான் ஒளியப்போவதில்லை. அம்மா வரும்போது இதே உடுப்போடு அவர் முன்னால் வந்து நிற்பேன். என் வாயால் சொல்வேன். நீ முந்திக்கொண்டு ஒன்றும் சொல்லாதே. அவர் அழுதால் பிடித்துக்கொள்.

சுமன்


மர்சூக் நானா கடை மேற்பார்த்து.
2025 ஜூலை 17

சுதாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேனா என்று நீ கேட்கப் போவதில்லை. அம்மா நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தாரா?

என் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. சம்மதித்துவிட்டாய் என்று எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை காலையிலிருந்து சொல்ல வேண்டியதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தரைக்கு நீங்கள் இருவரும், கயிறு கட்டித் தடுத்திருந்த ஓரத்தில் வந்து நின்றீர்கள். அம்மா மஞ்சள் சேலை. தலை முழுக்க நரைத்துவிட்டதை நீ ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தேன். இருபது அடி இருக்கும். முகத்துத் துணியை அவிழ்க்கக் கையைக் கொண்டுபோனேன்.

"எங்கடி எம் மவன்?" என்று அம்மா கேட்டார்.

நீ என்னைப் பார்த்தாய். என் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாய். மேலே ஒரு விமானம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. கையை நீட்டினாய். "அந்தா, அத்தை. சுமன் மச்சான் மேல இருக்காங்க" என்றாய்.

அம்மா இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "சாமி! எய்யா!" என்று கூப்பிட்டார். அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். தொட்டிருக்கலாம். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எம் மவன் பறக்குறான், மறைக்குது" என்றார்.

தள்ளி நின்றேன், சுதா.

அந்த முகத்தை நான் பிறந்ததிலிருந்து ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டே உண்மையைச் சொல்ல யாரால் முடியும்?

ஏன் அப்படிச் செய்தாய்? என் மேல் இரக்கப்பட்டா? அதை மட்டும் எழுது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

சுமன்


மேல்பிரிவு, லிந்துலை.
2025 ஜூலை 26

சுமன் மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அத்தை நல்லபடியாக வந்து சேர்ந்தார். பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்த சிங்கள அம்மாவிடமும் தெரிந்த சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். விமானம் திரும்பும்போது இறக்கையைச் சாய்த்தது அல்லவா, அது நீங்கள் அம்மாவுக்குக் கையாட்டியது என்கிறார். இப்போது மேல்பிரிவில் எல்லோருக்கும் அது தெரியும். கோயிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தார். ஏன் இறங்கி வந்து பேசவில்லை என்று ஒரு தரம் கேட்டார். வேலை நேரத்தில் இறங்க விடமாட்டார்கள் என்றேன். உடனே ஒப்புக்கொண்டார்.

இரக்கமா என்று கேட்கிறீர்கள்.

உங்கள் ஜூன் கடிதத்தை நான் மூன்று தரம் வாசித்தேன். நீங்கள் எதிரே வந்து நின்று சொல்லியிருந்தால் அத்தை அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பார். பஸ் ஏறும்வரை அழுதிருப்பார். ஒரு வாரம் சாப்பிட்டிருக்க மாட்டார். அதற்குப் பிறகு, "கழுவுறதும் வேலதானே, ஒடம்பு நல்லா இருந்தா போதும்" என்று சொல்லி உங்களை வீட்டுக்குக் கூப்பிட்டிருப்பார். நீங்களும் வந்து அவர் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டிருப்பீர்கள். எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

உங்களுக்கு அவ்வளவு சீக்கிரம் மன்னிப்புக் கிடைக்க விட எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் நடந்து வருவதைப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. வாய் தவறிச் சொன்னேன் என்று எழுதலாம் என்றுதான் இந்தத் தாளை எடுத்தேன். நான் தெரிந்துதான் சொன்னேன்.

இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. ஹட்டன் பஸ் தினமும் இருக்கிறது. எந்த நாளும் வந்து அத்தையிடம் சொல்லலாம். நான் தடுக்க மாட்டேன். நீங்கள் வரமாட்டீர்கள் என்றும் எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 4 திங்கட்கிழமை எட்டு மணிக்கு எனக்கு முதல் பறப்பு. போன தரம் வந்தபோது முன் கண்ணாடியில் பூச்சிகள் ஒட்டியிருந்தன, மிஸ் குறை சொன்னார். நன்றாகத் துடைத்து வையுங்கள்.

சுதர்ஷினி